நீங்கள் வெட்டிய இருபத்துமூன்று சொற்கள்

பெருமதிப்பிற்குரிய 'வாரம் ஒரு தொடர்' பகுதியின் ஆசிரியர் அவர்களுக்கு,

முதற்கண் என் வணக்கம். தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், தங்கள் அலுவலகத்தில் கத்தரிக்கோல் பிடிக்கும் அன்பர் உட்பட அனைவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் நலம். கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை இந்த 'நானும் நலம்' என்ற இரண்டு சொற்களை மட்டும் தயவுசெய்து வெட்டாமல் வைத்திருக்கவும். வழக்கே அதைப் பற்றியதுதான்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை 'வாசகர் வாக்கியங்கள்' என்ற தலைப்பின் கீழ் நான்காவதாக வெளிவந்த வாக்கியம் அடியேனுடையது. அதற்கு முந்தைய வாரம் தாங்கள் 'அவுட் ஆஃப் கில்டர்' என்ற ஆங்கிலத் தொடரை விளக்கியிருந்தீர்கள். சீராக இருக்க வேண்டிய ஒன்று சீர் குலைந்து, ஒரு பக்கம் சாய்ந்து, தாறுமாறாக நிற்பதை அப்படிச் சொல்வார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அத்தொடரை வைத்துப் பன்னிரண்டு சொற்களுக்கு மிகாமல் ஒரு சொந்த வாக்கியம் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புங்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். நானும் எழுதி அனுப்பினேன். அதில் முப்பத்தைந்து சொற்கள் இருந்தன, ஒப்புக்கொள்கிறேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'என் மனைவி என் மகள் வீட்டுக்குப் போனதிலிருந்து எல்லாமே அவுட் ஆஃப் கில்டர் என்று தெருவில் சிலர் பேசிக்கொள்கிறார்கள், அது சுத்தப் பொய், எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது, நானும் நன்றாக இருக்கிறேன்.' தங்கள் ஆள் முதல் பன்னிரண்டு சொற்களை வைத்துக்கொண்டு மீதி இருபத்துமூன்றையும் வெட்டி எறிந்துவிட்டார். உலகம் படித்தது இவ்வளவுதான்: 'என் மனைவி என் மகள் வீட்டுக்குப் போனதிலிருந்து எல்லாமே அவுட் ஆஃப் கில்டர்.' ஐயா, வெட்டிய அந்த இருபத்துமூன்றில்தான் என் மானம் இருந்தது.

பெயர் வேண்டாம், தொழிலைப் போட்டால் போதும் என்று நானேதான் கேட்டிருந்தேன். அடக்கம் காரணமாக. அதன்படி 'ஓய்வுபெற்ற வீல் பாலன்சிங் மெக்கானிக், பல் மருத்துவமனை மாடி' என்று போட்டீர்கள். பெயரைப் போட்டிருந்தால் நாலு பேருக்குத்தான் ஆளைத் தெரிந்திருக்கும். தொழிலையும் மாடியையும் போட்டதில் நாற்பது பேர் நேராகப் படியேறி வந்துவிட்டார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் அடக்கத்தால் கெட்டேன்.

நடந்ததை ஆதியிலிருந்து சொன்னால்தான் தங்களுக்கு என் கட்சி விளங்கும். எங்கள் மகளுக்கு இரட்டைக் குழந்தைகள். பிரசவத்துக்கு ஒத்தாசையாக மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று என் மனைவி விமானம் ஏறினாள். இப்போது எட்டு மாதம் ஆகிறது. ஞாயிறுதோறும் சாயங்காலம் தொலைபேசியில் பேசுவோம். குழந்தைகள் எத்தனை முறை தும்மின, எந்தப் பல் முளைக்கிறது என்பதெல்லாம் ஆன பிறகு, வைக்கப் போகும் நேரத்தில் ஒவ்வொரு முறையும் அவள், "என்னங்க, நான் வரட்டுமா?" என்பாள். நானும் ஒவ்வொரு முறையும், "உன் இஷ்டம். இங்க ஒண்ணும் குறையில்ல" என்பேன். பட்டறையில் முப்பத்துநான்கு வருடம் வண்டிக்காரர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம் அது. வண்டி எப்படி இருக்கிறது என்று யார் கேட்டாலும் 'ஒண்ணும் குறையில்ல' என்று சாவியைக் கையில் கொடுத்தால்தான் ஆள் நிம்மதியாகப் போவான். அவளும் "சரி" என்று வைத்துவிடுவாள். இப்படியே முப்பது ஞாயிறுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

என் தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் வினை அங்கிருந்துதான் ஆரம்பம். வண்டிச் சக்கரத்தைக் கழற்றி இயந்திரத்தில் மாட்டிச் சுழற்றினால் எந்தப் பக்கம் கனம் என்று தெரிந்துவிடும். கனமான பக்கத்தைச் செதுக்கக் கூடாது. அதற்கு நேர் எதிரே ஒரு சின்ன ஈயத் துண்டை ஒட்ட வேண்டும். குறைந்த இடத்தில் கூட்டு, கூடிய இடத்தைத் தொடாதே. எங்கள் தொழிலில் உள்ள சட்டம் இது ஒன்றுதான். இந்தச் சட்டத்தை வைத்து எத்தனையோ ஆயிரம் சக்கரங்களை ஆட்டமில்லாமல் ஓட வைத்தவன் நான். ஒரு வீட்டை ஓட்ட முடியாதா என்று நினைத்தேன்.

முதலில் தகராறு செய்தது துணி துவைக்கும் மெஷின். இரண்டு பேர் துணிக்கென்று வாங்கியது. ஒருவன் துணியைப் போட்டால், என் இரண்டு சட்டை, ஒரு கால்சட்டை, ஒரு துண்டு எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கிக்கொண்டு, பிழியும்போது மெஷின் சாமியாடத் தொடங்கிவிடும். ஒரு நாள் தண்ணீர்க் குழாயைப் பிடுங்கிக்கொண்டு நகர்ந்து நகர்ந்து சமையலறை வாசலில் வந்து நின்றது. சாப்பாடு தயாரா என்று கேட்க வந்ததைப் போல இருந்தது. நான் தொழில்காரன் அல்லவா? குறைந்த இடத்தில் கூட்டு. அலமாரியைத் திறந்து, என் துணி என்ன எடையோ அதே எடைக்கு அவளுடைய துணிகளை எடுத்தேன். நீலத்தில் பூப்போட்டது ஒன்று, வீட்டில் உடுத்துவது இரண்டு. எல்லாம் துவைத்து மடித்த சுத்தமான துணிகள்தான். சேர்த்துப் போட்டேன். மெஷின் ஒரு அங்குலம் அசையவில்லை. அன்றிலிருந்து வாராவாரம் என் அழுக்குத் துணியோடு அவளுடைய சுத்தத் துணியையும் துவைத்து, மாடிக் கொடியில் ஜோடியாகக் காயப்போட்டு, மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறேன்.

இதில் ஒரு சின்ன நஷ்டம் உண்டு. அவள் போன புதிதில் அந்த அலமாரியைத் திறந்தால் அவள் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். துவைத்துத் துவைத்து இப்போது சோப்பு வாசனைதான் வருகிறது. மீதித் துணிகளையாவது தொடாமல் வைத்திருக்கலாம் என்று தோன்றும்போது ஏழு மாதம் கடந்திருந்தது, எல்லாத் துணியும் ஒரு சுற்று வந்துவிட்டது. அலமாரியில் மூக்கை விட்டு நிற்கிற வயதா இது என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். இதைத் தங்களிடம் ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை. மெஷின் நன்றாக ஓடுகிறது.

கொடியில் அவள் துணியைப் பார்த்த எதிர்வீட்டு டீச்சர், பாவம், சந்தோஷமாக ஓடி வந்தார்.

"அக்கா வந்துட்டாங்களா? சொல்லவே இல்லையே!"

"இல்லம்மா. துணி மட்டும்தான்."

"துணி மட்டும் வந்துச்சா?"

"வரல. இங்கேயே இருந்தது. நான்தான் தோய்ச்சேன்."

"அழுக்கா இருந்துச்சா?"

"இல்ல, சுத்தமாத்தான் இருந்துச்சு."

டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கணக்கைத் தப்பாகப் போட்ட பிள்ளையைப் பார்க்கும் பார்வை. மறுநாள் காலை தெருமுனைக் கடையில் நான் முட்டை வாங்கப் போனபோது, பேசிக்கொண்டிருந்த மூன்று பேர் சட்டென்று நிறுத்திவிட்டார்கள், கடைக்காரர் எனக்கு எப்போதும் இல்லாத அன்போடு முட்டையை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அடுத்தது கட்டில். முப்பத்தாறு வருடம் இரண்டு பேர் படுத்த மெத்தையில் இரண்டு பள்ளம் இருக்கும், தங்களுக்கும் தெரிந்திருக்கலாம். ஒரு பள்ளத்தில் மட்டும் ஆள் படுத்தால் மற்றது மேலே எழும்பிக்கொண்டு, என்னைச் சுவர்ப்பக்கம் உருட்டிவிடுகிறது. மத்தியானம் கண்ணயர்ந்தால் விழிக்கும்போது மூக்கு சுவரில் இருக்கும். மறுபடியும் அதே சட்டம்தான். இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் இரண்டை நிரப்பி அவள் பக்கத்துப் பள்ளத்தில் படுக்க வைத்தேன். மெத்தை சமமாகிவிட்டது. அருமையாகத் தூங்கினேன். நான்காம் நாள் ஒரு கேனின் மூடி கசிந்து, தண்ணீர் மெத்தையில் இறங்கி, தரையில் இறங்கி, கீழே பல் மருத்துவர் ஒருவரை வாயைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில், அந்த வாயில் சரியாகச் சொட்டியிருக்கிறது. மருத்துவர் கையுறையோடு படியேறி வந்தார். நேராகப் படுக்கையறைக்குப் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாருங்க படுத்திருக்கறது?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"யாருமில்ல டாக்டர். கேன்."

"கேனுக்கு எதுக்குங்க போர்வை?"

தூசு படாமல் இருக்கத்தான் போர்த்தினேன் என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மையும்கூட, பெரும்பாலும். ஆனால் வாயில் வந்தது வேறு. "குளிருமேன்னு" என்றேன். மருத்துவர் அதற்கு மேல் தண்ணீரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என் தோளில் கை வைத்து, "சாயங்காலம் கீழ வாங்க, சும்மா பேசிக்கிட்டு இருக்கலாம்" என்றார். பல்லைப் பற்றி அல்லாமல் அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இந்த இரண்டு சம்பவங்களையும் வைத்துத்தான் ஐயா, என் வீட்டில் எல்லாம் நிலைகுலைந்து கிடக்கிறது என்று தெருவில் பேச்சுக் கிளம்பியது. உண்மையில் இங்கே எதுவும் மாறவில்லை. சோறு இன்றும் இரண்டு பேருக்குத்தான் வடிக்கிறேன், என் கைக்கு ஒரு ஆளுக்கான அளவு வரமாட்டேன் என்கிறது. டீயும் இரண்டு டம்ளர்தான் போடுகிறேன். என் டீயை என் நாற்காலியில் உட்கார்ந்து குடித்துவிட்டு, எழுந்து போய் அவள் நாற்காலியில் உட்கார்ந்து அவள் டீயைக் குடிக்கிறேன். என் நாற்காலியிலேயே உட்கார்ந்து இரண்டையும் குடித்தால்தானே முறைகேடு?

தங்கள் பகுதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பதினொரு வருடமாக அதை நாங்கள் விடாமல் படித்து வருகிறோம். என் மனைவி அச்சகத்தில் இருபத்திரண்டு வருடம் பிழை திருத்தியவள். மருந்துச் சீட்டைக்கூடக் கையில் பேனாவோடுதான் படிப்பாள். எனக்கு ஆங்கிலம் டயர்களின் மேல் எழுதியிருக்கும் அளவுக்குத்தான் தெரியும். ஞாயிறு காலை அவள் தொடரை வாய்விட்டுப் படித்து, கீழே உள்ள பொருளை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, "சொல்லுங்க பாப்போம்" என்பாள். நான் தொடரைப் பார்த்து ஊகிப்பதில்லை, அவள் முகத்தைப் பார்த்துத்தான் ஊகிப்பேன். அப்படியும் பதினொரு வருடத்தில் ஒன்றுகூடச் சரியாகச் சொன்னதில்லை. தப்பாகச் சொன்னால் அவள் சிரிப்பாள். அதில் எனக்கும் பெரிய வருத்தம் இருந்ததில்லை. 'அவுட் ஆஃப் கில்டர்' வந்த அன்று வழக்கப்படி பத்திரிகையை விரித்து, என் கையாலேயே பொருளை மூடிக்கொண்டு யோசித்தேன். சக்கரம் ஒரு பக்கம் கனத்து ஆட்டம் போடுவதாக இருக்கும் என்று தோன்றியது. கையை எடுத்துப் பார்த்தால், சரி! பதினொரு வருடத்தில் முதல் தடவையாகச் சரி! "ஏய், சொல்லிட்டேன் பாரு!" என்று கத்தியேவிட்டேன். பக்கத்து நாற்காலியில் துண்டு கிடந்தது. அந்த வேகத்தில்தான் உட்கார்ந்து வாக்கியம் எழுதினேன். தெருவின் வாயை அடைத்த மாதிரியும் ஆயிற்று, அவளும் அங்கே கைபேசியில் தங்கள் பகுதியைப் படிப்பாள், நான் அந்தத் தொடரைச் சரியாகப் பயன்படுத்தியிருப்பதைப் பார்ப்பாள் என்று ஒரு நப்பாசை.

வெளிவந்த பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஞாயிறு காலை ஏழரைக்கு முதல் டப்பா வந்தது. டீச்சர் சாப்பாடு கொண்டுவந்தார். எட்டு மணிக்குக் கடைக்காரர் வீட்டம்மா. ஒன்பதுக்குள் என் சமையலறையில் பதினாலு டப்பாக்கள், ஒவ்வொன்றின் மூடியும் எதனுடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யார் வந்தாலும் முதலில் படுக்கையறையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். நான் வேலை பார்த்த பட்டறையின் முதலாளி, அவரை எல்லோரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவோம், தங்கள் பத்திரிகையை வெட்டி இயந்திரத்துக்கு மேலே ஒட்டி, அதன் கீழே 'அவுட் ஆஃப் கில்டர் ஆன சக்கரங்கள் இங்கே சரிசெய்யப்படும்' என்று பெயிண்டால் எழுதிவிட்டார். கேட்டால், "உன் பேரச் சொல்லித்தான்யா நாலு வண்டி வருது" என்கிறார். இப்போது தெருவே அந்தத் தொடரைப் பேசுகிறது. கீழே பல் மருத்துவர், உங்கள் கீழ்வரிசை அவுட் ஆஃப் கில்டர் என்கிறார். தங்கள் பகுதியால் ஒரு தெருவின் ஆங்கிலம் வளர்ந்திருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. என் தலையில் ஏறி நின்று வளர்ந்திருக்கிறது.

திங்கட்கிழமை என் மனைவியின் அண்ணன் பெட்டியோடு வந்து இறங்கினார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். எந்த அறையில் நின்றாலும், "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கை தானாக அசையும். "மாப்ள, பேப்பர்ல போடற அளவுக்கு ஆயிடுச்சா? எனக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றார். நான் விளக்கினேன். முப்பத்தைந்து சொற்களையும் எழுதிக் காட்டினேன். "புரியுது, புரியுது" என்று சொல்லிக்கொண்டே போய் அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். இன்று வியாழன். சாப்பிடவும் தூங்கவும் தவிர அதிலிருந்து எழவில்லை. அங்கே உட்காராதீர்கள் என்று வீடு தேடி வந்த மச்சானிடம் எந்த வாயால் சொல்வது? நான்கு நாளாக அவள் டீயையும் அவர்தான் குடிக்கிறார். சர்க்கரை போதவில்லையாம்.

இதெல்லாம் போகட்டும், பொறுத்துக்கொள்வேன். செவ்வாய்க்கிழமை மகள் கூப்பிட்டாள். எடுத்தவுடன் அழுகை.

"ஏம்ப்பா எங்ககிட்ட சொல்லல? நீங்க நல்லா இருக்கீங்கன்னே நெனச்சுட்டு இருந்தோம்."

"நல்லாத்தாம்மா இருக்கேன். பேப்பர்காரங்க வெட்டினதுல வந்த வினை."

"அம்மா பெட்டிய எடுத்து வச்சுட்டாங்கப்பா. அடுத்த சனிக்கிழமைக்கு டிக்கெட் பாக்கச் சொல்றாங்க."

ஐயா, தங்களிடம் மறைப்பானேன், அதைக் கேட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனை வைத்துவிட்டு, காரணமே இல்லாமல் ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன். கேன்களைக் கட்டிலிலிருந்து இறக்கி வைத்தேன். பிறகுதான் புத்தி வந்தது. அவள் எதை நம்பிப் புறப்படுகிறாள்? தங்கள் அலுவலகத்தில் யாரோ அரை வாக்கியத்தை வெட்டியதை நம்பி. இங்கே நான் ஏதோ தலைவிரி கோலமாகக் கிடக்கிறேன் என்று எண்ணிக்கொண்டு இரண்டு பிஞ்சுகளை விட்டுவிட்டு வருவாள். வந்து பார்த்தால் நான் சவரம் செய்து, பொத்தான் போட்டு, வழுவழுவென்று நிற்பேன். என்னை என்ன நினைப்பாள்? குழந்தைகளைக் காப்பகத்தில் விடத் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது, பகலில் அம்மா சும்மாதான் உட்கார்ந்திருக்கிறாள் என்று மகள் நடுவில் ஏதோ சொன்னாள். அப்படியானால் அவள் ஏன் இன்னும் அங்கே இருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. அவள் இஷ்டம். வர வேண்டுமென்று அவளுக்குத் தோன்றி வந்தால் அது வேறு. ஒரு பொய்யான வாக்கியத்தின் பேரில் அவ்வளவு தூரத்திலிருந்து ஒருத்தி வரக் கூடாது.

ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமையே தாங்கள் அதே பகுதியில், அதே அளவு எழுத்தில், வெட்டிய இருபத்துமூன்று சொற்களையும் வெளியிட்டு, 'எங்கள் வாசகரின் வீட்டில் எதுவும் அவுட் ஆஃப் கில்டர் இல்லை, வாசகர் மிக நன்றாக இருக்கிறார்' என்று ஒரு மறுப்பும் போட வேண்டுமென்று பணிவோடும், கொஞ்சம் கோபத்தோடும் கேட்டுக்கொள்கிறேன். எழுதும்போதே மச்சான் எட்டிப் பார்த்து, "மறுப்பு எதுக்கு மாப்ள? போட்டது போட்டதாவே இருக்கட்டுமே" என்கிறார். அவருக்கு என் டீ பழகிவிட்டது, அதனால் சொல்கிறார்.

தங்கள் பத்திரிகை நீடூழி வாழட்டும். தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சிறியவர்களுக்கு ஆசிகளையும் சொல்லவும். கத்தரிக்கோல் பிடிக்கும் அன்பருக்கும் மனப்பூர்வமான ஆசிகள். அவருக்கு முன்கோபமில்லாத மனைவியும், முப்பத்தைந்து சொற்களையும் படிக்கும் பொறுமையும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
எந்தப் பக்கமும் சாயாத தங்கள் வாசகன்,
ஓய்வுபெற்ற வீல் பாலன்சிங் மெக்கானிக்,
பல் மருத்துவமனை மாடி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அவள்தான். வியாழக்கிழமை அவள் கூப்பிட்டதே கிடையாது.

"பேப்பர் பாத்தேன்" என்றாள்.

"ம்."

"அது நீங்க எழுதினதா?"

மச்சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் தங்களுக்கு எழுதிய கடிதம். பொய் சொல்லக் கூடாதென்று, "நான் எழுதினது பெருசு. வெட்டிட்டாங்க. இங்க எல்லாம் நல்லா இருக்குன்னுதான் எழுதினேன். மறுப்புப் போடச் சொல்லி லெட்டரும் எழுதிட்டேன், நீ ஒண்ணும் கவலப்படாத" என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"அதானே பாத்தேன்" என்றாள். "மொத தடவ படிச்சப்பவே எங்கயோ வெட்டின மாதிரி இருந்துச்சு. உங்ககிட்டேருந்து இப்படி ஒரு வாக்கியம் வராதேன்னு தோணுச்சு. இருந்தாலும் பெட்டிய எடுத்துட்டேன் பாருங்க. இத்தன வருஷம் பிழை திருத்தி என்ன புண்ணியம்? மடிச்சு வச்சதெல்லாம் இனி திரும்ப வெளிய எடுத்து வைக்கணும்."

"அப்ப நீ வரலையா?"

"நான் எதுக்குங்க? அங்கதான் ஒண்ணும் குறையில்லையே."

வைத்துவிட்டாள். உடனே திரும்பக் கூப்பிட்டேன். மருமகன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். மகள் குரல், குழந்தைகளின் அழுகை, ஏதோ பாத்திரம் விழும் சத்தம், எல்லாம் கேட்டது. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "அங்க மழையா மாப்பிள்ளை?" என்று கேட்டேன். "இல்ல மாமா, வெயில்தான்" என்றார். "சரி" என்று வைத்துவிட்டேன். மச்சான் நான்கு நாளில் முதல் முறையாக அந்த நாற்காலியிலிருந்து தானாக எழுந்து என் அருகில் வந்து, "மாப்ள, தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்க ஒரு மடையன்" என்றார். மரியாதையோடுதான் சொன்னார்.

ஆகையால் ஐயா, மேலே எழுதியது எதையும் தாங்கள் வெளியிட வேண்டாம். மறுப்பும் வேண்டாம். அதற்குப் பதிலாக, 'சென்ற வாரம் வெளியான வாக்கியம் வாசகர் எழுதியபடியே வெளிவந்தது, அதில் ஒரு சொல்லும் வெட்டப்படவில்லை' என்று போடுங்கள். பத்திரிகையில் பொய்யைப் போடச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். பொய் இல்லை ஐயா. நான் சேர்த்து எழுதிய அந்த இருபத்துமூன்றுதான் பொய். நான் வாயால் சொன்னால் அவள் இனி நம்ப மாட்டாள். சொன்னாலும் எனக்கு மழையைப் பற்றித்தான் வருகிறது. அச்சில் வந்தால் நம்புவாள். ஒருவேளை இவ்வளவுக்கும் தங்களிடம் இடமில்லையென்றால் 'வா' என்று மட்டும் போட்டு, கீழே என் தொழிலைப் போட்டுவிடுங்கள்.